இப்போதைக்கு ஒரு சுவர்

அந்த அம்மாவின் பேச்சில் எதுவும் முடிந்துபோனதாக இருக்காது. எதைச் சொன்னாலும் கூடவே ஒரு 'இப்போதைக்கு' வந்து நிற்கும். "இப்போதைக்குக் காப்பி வேண்டாமுங்க." "இப்போதைக்கு மழை நின்னிருக்குது." மூத்த மகனைப் பற்றிக் கேட்டபோது, "அவனுக்குக் கொழந்தை இல்லீங்க, இப்போதைக்கு" என்றார். அந்த மகனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் மனைவியும் நாற்பதைத் தாண்டியவர். எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'இப்போதைக்கு அம்மா' என்றே பெயர் விழுந்துவிட்டது. கேலியாகத்தான் ஆரம்பித்தது. பிறகு கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

தொண்ணூறுகளின் பின்பாதி. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த ஆர்க்கிடெக்ட் ஒருவரிடம் நான் வேலை பார்த்தேன். பாலிடெக்னிக் முடித்த கையோடு கிடைத்த வேலை, கம்ப்யூட்டரில் பிளான் வரைவது. அந்த ஒரு கம்ப்யூட்டருக்காகவே கண்ணாடித் தடுப்புப் போட்டு ஏசி வைத்திருந்தார்கள். உள்ளே செருப்புப் போடக் கூடாது. வீடு கட்ட வருகிறவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. அந்த அம்மா முதல் நாளே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க வரைங்க அம்மணி. நான் ஒண்ணும் பேசமாட்டேன். இப்போதைக்குச் சும்மா பாத்துக்கிட்டு இருக்கறேன்."

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருந்த குடும்பம். கணவர் காலமாகிவிட்டார். இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். வெகு காலம் அவரே தறியில் நின்றவர். அறுந்த இழைகளை முடிந்து முடிந்து வலது கை ஆள்காட்டி விரலில் மெல்லிய கோடுகளாகத் தழும்பு விழுந்திருந்தது. அவர் வரும்போதெல்லாம் மூத்த மகன் கூடவே வருவார். ஆனால் மாடி ஏறமாட்டார். கீழே புங்கமரத்தடியில் நின்றுகொண்டிருப்பார். டீ கொடுத்தனுப்பினால் வாங்கிக்கொள்வார். மேலே வரச் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவார்.

"அவன் வரமாட்டானுங்க" என்றார் அந்த அம்மா. "ஆரு ஊட்டுக்குப் போனாலும் வெளியவே நின்னுக்குவான்."

ஏன் என்று அப்போது சொல்லவில்லை.

புது வீட்டுக்கு ஆர்க்கிடெக்ட் முதலில் இரண்டு தனி வீடுகளாகப் போட்டுக் காட்டினார். அந்த அம்மா படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது வேண்டாமுங்க. ஒரே ஊடு. நீளமா ஒரே ஹாலு. நடுவால இப்போதைக்கு ஒரு செவுரு. அந்தப் பக்கம் பெரியவன், இந்தப் பக்கம் சின்னவன். பொறவு எடுத்துக்கலாம்."

"எப்பங்கம்மா எடுக்கறது?" என்றார் ஆர்க்கிடெக்ட்.

"எடுக்கற காலம் வருமில்லீங்க."

அப்படியே வரைந்தேன். தரையில் டைல்ஸ் காட்டுவதற்கு நாங்கள் ஹேட்ச் போடுவோம். அறையின் எல்லையைத் தொட்டுக் காட்டினால் போதும், கம்ப்யூட்டரே உள்ளே கட்டம் கட்டமாகக் கோடு போட்டு நிரப்பிவிடும். ஆனால் கட்டம் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நாம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், படத்தின் பூஜ்யப் புள்ளி எங்கோ ஒரு மூலையில் கிடக்கும், அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வரும். சுவரோரங்களில் அரையும் காலுமாக வெட்டு விழுந்து, பார்க்க நன்றாக இருக்காது. அதனால் ஒவ்வொரு அறைக்கும் அதனதன் மூலையைத் தொடக்கமாகக் கொடுத்துவிடுவது என் வழக்கம். முழு டைல்ஸில் ஆரம்பித்து அழகாக வரும். அந்த ஹாலின் இரண்டு பாதிகளுக்கும் அப்படித்தான் செய்தேன்.

அந்த அம்மா திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். சின்னவன் பக்கத்தில் ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார். கோட்டோடு விரலை நகர்த்திக்கொண்டே போய், சுவரைத் தாண்டினார். மறுபக்கம் அந்த இடத்தில் கோடு இல்லை, கொஞ்சம் தள்ளி இருந்தது.

"ஏனுங்க அம்மணி, இது அந்தப் பக்கம் போய்ச் சேரலையே."

"ரெண்டும் வேற வேற மூலையில ஆரம்பிக்குதுங்கம்மா. அதனாலதான்."

"ஒரே எடத்துல ஆரம்பிச்சா?"

"சேர்ந்துரும். ஆனா அந்தக் கடைசியிலயும் இந்தக் கடைசியிலயும் டைல்ஸை வெட்டித்தான் போடணும்."

"கடைசியில வந்தா வருது. நடுவால சேரோணும். செவுத்த எடுத்தா, இங்க ஒண்ணு இருந்துச்சுன்னே தெரியக் கூடாது."

ஆர்க்கிடெக்ட் கண்ணாடிக் கதவைத் திறந்து, "அது சும்மா படத்துக்குப் போடற கோடும்மா. சைட்ல மேஸ்திரி அவருக்குத் தோதா பதிப்பாரு" என்றார்.

"மேஸ்திரிகிட்ட நான் சொல்லிக்கறனுங்க. நீங்க படத்துல சேத்தி உடுங்க."

இரண்டு ஹேட்சையும் அழித்தேன். சுவரின் நடுக்கோட்டில், வாசல் பக்கத்து நுனியில் ஒரு புள்ளியைப் பிடித்து, இரண்டு பாதிக்கும் அதையே தொடக்கமாகக் கொடுத்தேன். இப்போது கோடுகள் எல்லாம் சுவருக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்து நேராகப் போயின. அந்த அம்மா ஒவ்வொரு கோடாகக் கண்ணால் தொடர்ந்து கொண்டிருந்தார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். முதலில் ஹால் முழுக்க டைல்ஸ் பதித்துவிட வேண்டும், அதற்கு மேல்தான் சுவர் எழும்ப வேண்டும். அப்போதுதான் எடுக்கும்போது தரையில் பள்ளம் விழாது.

அவர் எதைப் பிரித்தாலும் அப்படித்தான். எனக்கு முருங்கைக்காயோ கச்சாயப் பலகாரமோ கொண்டுவருவார். பொட்டலத்துக் கயிற்றின் ஒரு நுனியை இழுத்தால் முடிச்சு உருவிக்கொள்ளும். இறுக்கி முடிந்த கயிறாக இருந்தால் நகத்தால் கிளறி அவிழ்ப்பார். நான் கத்தரிக்கோலை நீட்டினால் வேண்டாம் என்று கையைக் காட்டுவார்.

ஒருநாள் என் சுடிதாரின் கீழ் மடிப்புப் பிரிந்து தொங்கியது. பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, நான் தடுக்கத் தடுக்கக் கேட்காமல், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே குனிந்து தைத்துக் கொடுத்தார்.

"உள்ள துணியே உடாமத் தெச்சிருக்கறானே அந்தத் தையக்காரன். பெருசு பண்ணோணும்னா என்ன பண்ணுவான்? என்ற பேத்தி பாவாடைக்கெல்லாம் நான் நாலு விரக்கடை உள்ளுக்கு மடிச்சு உட்டுருவேன். வளர வளரப் பிரிச்சுக்கலாம்."

"பேத்தி என்ன படிக்கறாங்க?"

நூலைப் பல்லால் கடிக்கப் போனவர் நிறுத்திவிட்டு, விரலில் சுற்றி இழுத்து அறுத்தார்.

"சின்னவன் புள்ளைங்க. நாலு வயசு. பெரியவன் நூல் டெம்போவப் பின்னால எடுத்தான். பொறத்தால நின்னது அவனுக்குத் தெரியலை."

அவர் ஊசியை நூல்கண்டில் குத்திக்கொண்டே சொன்னார். பெரியவருக்குக் குழந்தை இல்லாததால் அந்தப் பெண் பெரியப்பா, பெரியப்பா என்று அவர் பின்னாலேயே சுற்றும். மத்தியானம் டெம்போவில் ஏற்றிக்கொண்டு கடைவீதிக்குப் போய் வருவார். "அன்னைக்கும் வண்டிச் சத்தம் கேட்டுத்தான் அது ஓடி வந்துச்சு. கூட்டிட்டுப் போவான்னு."

அதற்குப் பிறகு பெரியவர் எந்த வண்டியிலும் ஸ்டியரிங் பக்கம் உட்காரவில்லை. டெம்போவை விற்றுவிட்டார்கள். சின்னவர் அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே கொட்டகையில்தான் தறி ஓட்டினார்கள், நூலைப் பற்றியும் கரண்ட்டைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டார்கள்.

"சின்ன மருமவதான் அவன் மூஞ்சியப் பாக்கறதில்லை. அவள ஆருங்க என்ன சொல்ல முடியும்? பழைய ஊட்டுல ஒரே வாசலு. அவ இருக்கறான்னு இவன் ஊட்டுக்கே வர்றதில்லை, தறிக்கொட்டகையிலயே படுத்துக்கறான். இப்படியே உட்டா ஆளுக்கொரு தெசைக்குப் போயிருவாங்க. அதான் இப்போதைக்கு ஒரு செவுரு." நூல்கண்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "அந்தப் பாவாடை பொட்டியிலதான் இருக்குது. மடிப்புப் பிரிக்கவே இல்லை" என்றார்.

அன்று ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். பெரியவர் மரத்தடியில் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். குடித்தது போலத் தெரியவில்லை.

வீடு எழும்பியது. கூரை போட்டு முடித்த சமயம் ஆர்க்கிடெக்டோடு நானும் சைட்டுக்குப் போனேன். அந்த அம்மா சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்து மேஸ்திரியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த நடுச் செவுத்துக்கு மட்டும் கலவையில சிமெண்ட்டக் கம்மியாப் போட்டுக்குங்க. நாளைக்கு இடிக்கையில சிரமப்படக் கூடாது."

மேஸ்திரி சிரித்துவிட்டார். "செவுரு உழுந்துருமுங்கம்மா."

"உழுகற அளவுக்கு வேண்டாம். எடுத்தா வர்ற மாதிரி இருந்தாப் போதும்."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பெரியவர் காம்பவுண்டுக்கு வெளியே நின்றிருந்தார், அவருக்கு என்ன பேச்சு என்று கேட்டிருக்காது.

டைல்ஸ் வந்து இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மத்தியானம், கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். ஒல்லி. கையில் மஞ்சள் பை.

"சோமனூரு ஊட்டுக்குப் பிளான் போட்டது நீங்கதானுங்களா?"

சின்ன மருமகள். உள்ளே கூப்பிட்டதும் மாமியார் உட்காரும் அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். படத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"அத்தை ஊட்டுல காயிதத்துல காட்டுனாங்க. இந்தக் கோட்டுல வெரல வெச்சு அந்தக் கடைசி வரைக்கும் இழுத்துக் காட்டுனாங்க. செவுத்த எடுத்துட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும் அம்மணின்னாங்க."

அவள் குரல் ஏறவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "ஒண்ணுமே நடக்காத மாதிரின்னா, என்ற புள்ளை பொறந்தது?"

திரையில் அந்த நடுச்சுவரைத் தொட்டுக் காட்டினாள்.

"எம் பக்கத்துக் கோடு அங்க போய்ச் சேரக் கூடாதுங்க. அதுக்கு என்ன பண்ணோணுமோ பண்ணுங்க."

தொடக்கப் புள்ளியை அரை டைல்ஸ் தள்ளி வைத்துக் காட்டினேன். கோடுகள் விலகின. அவள் தலையை ஆட்டினாள். "இது பத்தாதுங்க. ஏதோ கைத்தப்புல ஆன மாதிரி இருக்குது. பாத்தா தெரியோணும்." பிறகு அவள் பாதியை மட்டும் நாற்பத்தைந்து டிகிரி திருப்பினேன். கட்டங்கள் எல்லாம் சாய்ந்து டைமண்ட் டைமண்டாக வந்தன. கோடுகள் சுவரில் சாய்வாக வந்து மோதி அங்கேயே நின்றன.

"இதுன்னா சேராதுங்களா?"

"எங்க ஆரம்பிச்சாலும் சேராதுங்க."

அவள் நெடுநேரம் பார்த்தாள். "இதுதான்" என்றாள்.

உங்கள் அத்தையைக் கேட்காமல் மாற்ற முடியாதே என்றேன். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. "நீங்களே சொல்லிருங்க. அவங்க மோசமானவங்களா இருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். தங்கமாப் பாத்துக்கறவங்ககிட்ட என்னன்னுங்க சொல்றது? அவங்க சேரோணும் சேரோணும்ங்கறப்பல்லாம், நான் எப்ப மறக்கப்போறேன்னு கேக்கற மாதிரி இருக்குது."

அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது ஆர்க்கிடெக்டும் உள்ளே வந்து நின்றுகொண்டார். நான் இரண்டு படத்தையும் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"அவ வந்தாளா? தனியாவா வந்தா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, "வேற என்ன சொன்னா?" என்றார்.

அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே சொன்னேன். ஒண்ணுமே நடக்காத மாதிரி என்ற இடம் வந்ததும் அந்த அம்மாவின் கை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. சாய்ந்த கோடு ஒன்றின் மேல் விரலை வைத்தார். கோட்டோடு நகர்த்தினார். சுவர் வந்ததும் விரல் நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

"இப்படியே போட்டுருங்க" என்றார். அதற்கு முன்னாலும் பின்னாலும் வேறெந்தச் சொல்லையும் சேர்க்கவில்லை.

ஜன்னலில் போய் நின்றேன். கீழே அவர் மகனிடம் ஏதோ சொன்னார். மகன் கேட்டார், தலையை ஆட்டினார். அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். இருவரும் பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்தார்கள்.

மறுவாரம் மேஸ்திரி ஆர்க்கிடெக்டிடம் ஆச்சரியமாகச் சொன்னாராம். அந்த அம்மா வந்து, டைல்ஸுக்கு முன்னாலேயே சுவரை எழுப்பிவிடச் சொல்லியிருக்கிறார். கலவையையும் மற்ற சுவர்களுக்குப் போடுகிற மாதிரியே நன்றாகப் போடச் சொல்லியிருக்கிறார்.

குடிபோய்ச் சில மாதங்கள் கழித்து ஒருநாள் வந்தார். எங்களிடம் வேலை ஒன்றும் இல்லை, என்னைப் பார்க்கத்தான். கொஞ்சம் இளைத்திருந்தார். ஒரு மாதம் அந்தப் பக்கம், ஒரு மாதம் இந்தப் பக்கம் என்று இருப்பதாகச் சொன்னார். பெரியவர் இப்போது கொட்டகையில் படுப்பதில்லை, வீட்டுக்கு வந்துவிடுகிறார். அவர் பக்கத்துக் கதவு வழியாக.

"சின்ன மருமவ?"

"ராத்திரி தூங்கறாளுங்க அம்மணி. பழைய ஊட்டுல விடிய விடிய உக்காந்திருப்பா. இங்க வந்து தூங்கறான்னு சின்னவன் சொன்னான்." தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் பெரியவன நெனச்சுத்தான் சேத்தோணும்னு இருந்தேன். அவன் இப்படியே வெளிய நின்னே செத்துப்போவானோன்னு பயம். அவளுக்கு அது புள்ளைய மறந்துருன்னு சொல்ற மாதிரி இருந்திருக்குது. நானும் ஒரு பொம்பளைதானே, எனக்குத் தெரியலை பாருங்க."

நான் அவருக்குக் காப்பி வாங்கி வரச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடித்தார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அதற்கடுத்த வருடம் சின்னவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். காலையில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே உட்கார்ந்தவர், எழவில்லை. ஆர்க்கிடெக்டும் நானும் போனோம்.

அந்தச் சுவரை யாரும் பிறகு எடுக்கவில்லை என்று கேள்வி. எடுக்கிற பேச்சும் வரவில்லையாம். நான் சொல்ல வந்தது அதையல்ல.

தாய்க்குக் காரியம் செய்வது இளைய மகன் என்பதால் அம்மாவைச் சின்னவர் பக்கத்து ஹாலில் கிடத்தியிருந்தார்கள். வெளியே பந்தல், இரும்பு நாற்காலிகள். உறவுக்காரர்கள் வரிசையாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பெரியவரின் மனைவியும் உள்ளே போய் உட்கார்ந்திருந்தார். பெரியவர் மட்டும் பந்தலின் கடைசிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வருகிறவர்களுக்குக் கும்பிடு போட்டார். யாரோ அவர் தோளைத் தொட்டு, "உள்ள போயிட்டு வா" என்றார்கள். தலையை ஆட்டினார், போகவில்லை. எடுக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெற்ற தாயின் முகத்தைப் பார்க்காமலே அவர் சுடுகாட்டுக்கு நடந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது சின்ன மருமகள் எழுந்து வாசலுக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. நிலைப்படியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பந்தலைப் பார்த்தாள். பேச்சுச் சத்தம் தானாக அடங்கியது.

"உள்ள வாங்க மாமா. அத்தையப் பாத்துக்குங்க."

அவ்வளவுதான். உள்ளே போய்ச் சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொண்டாள்.

பெரியவர் உடனே நகரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். குனிந்து உள்ளே போனார். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு தலையை வைத்தார். சத்தம் வரவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. யாரும் அவரைத் தூக்கப் போகவில்லை. தானாக எழுந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வெளியே வந்தார்.

நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அன்றுதான் நான் பார்த்தேன். பிறகு என் பக்கம் திரும்பி, ரகசியம் சொல்வது போலச் சொன்னார்.

"என்னக் கூப்புட்டுச்சுங்க அந்தப் புள்ளை. உள்ள வாங்கன்னு கூப்புட்டுச்சு. நீங்க கேட்டீங்கல்ல அம்மணி?"

"கேட்டேனுங்க" என்றேன்.